வெள்ளீயத்துக்கு ஆகாத காற்று

எங்கள் ஆய்வுகூடத்துக்கு முதன்முதலாக வருகிறவர்கள் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து வியப்பதற்கு முன் அதன் கைகளைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். ஆள் உயரப் பெட்டி அது. முகப்பிலிருந்து நான்கு கறுப்பு ரப்பர் கைகள், தோள்வரை நீளமானவை, விரல்களை விரித்தபடி உங்களை நோக்கி நீண்டு நிற்கும். பெட்டிக்குள் நைதரசன் வாயுவை வெளிக்காற்றைவிடச் சற்று அழுத்தமாக அடைத்து வைத்திருப்பதால் கையுறைகள் வெளிப்பக்கமாக ஊதி நிற்கின்றன, அவ்வளவுதான். இந்த விளக்கத்தைப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். ஆனாலும் காலையில் முதல் ஆளாகப் போய் விளக்கைப் போடும்போது, தண்ணீரில் மூழ்கிய யாரோ இருவர் கரையேறக் கை நீட்டுவது போலத்தான் எனக்கும் தோன்றும். அந்தக் கைகளுக்கு ஒரு "குட் மோர்னிங்" சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். ஐம்பது வயதைத் தாண்டியவனுக்கு வேலையிடத்தில் வேறு யார் கை கொடுக்கிறார்கள்?

நான் அங்கே விஞ்ஞானி இல்லை. மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தில், சூரிய மின்கலம் செய்கிறவர்களுக்குப் பெட்டிகளையும் பம்புகளையும் குழாய்களையும் பராமரித்துக் கொடுக்கிற ஆள். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிக்கத் தொடங்கினேன். முடிக்குமுன் ஊரைவிட்டு ஓட வேண்டியதாகிவிட்டது. மிச்சப் படிப்பை இங்கே மற்றவர்கள் படிப்பதைப் பார்த்தே தீர்த்துக்கொண்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு வருடாவருடம் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதும் என் பொறுப்பு. அந்த வகுப்பில் இதுவரை யாருக்கும் காயம் பட்டதில்லை. தூங்குகிறவர்களுக்குக் காயம் படுவது அபூர்வம்.

போன பனிக்காலத்தில் ஒரு மத்தியானம், அந்தப் பெட்டி இருக்கிற சின்ன அறைக்குள் ஒரு மனிதர் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் உயிரோடு வெளியே வருவாரா மாட்டாரா என்பது என் கையில், இன்னும் சரியாகச் சொன்னால் என் வாயில், இருந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

அவர் மதுரைக்காரர். முப்பத்தைந்தைத் தாண்டியவர், முன்தலை வெளுத்தாயிற்று. கலாநிதிப் பட்டம் வாங்கிய பிறகும் மாணவனைப் போலவே அலைகிற அந்தச் சபிக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்தவர். அவருடைய ஒப்பந்தம் வசந்தத்தோடு முடிய இருந்தது. மனைவியும் சின்ன மகளும் மதுரையில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அவர் செய்கிற மின்கலம் பேராசிரியர் முன்னிலையில் விளக்கின் கீழே நிறம் மாறாமல் தாக்குப்பிடித்தால் ஒப்பந்தம் நீளும். இல்லாவிட்டால் அவர்தான் மதுரைக்குப் போய்க் குடும்பத்தோடு சேர வேண்டும்.

அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரோவ்ஸ்கைட் என்று ஒரு படிகப் பளிங்கு வகை இருக்கிறது. அதைக் கண்ணாடித் துண்டில் மெல்லிய படலமாகப் பூசினால் வெயிலை நன்றாக மின்சாரமாக்கும். அதில் ஒரே தலையிடி, உள்ளே இருக்கிற ஈயம். கூரையில் வைத்த தகடு உடைந்து மழையில் கரைந்தால் நஞ்சு நிலத்துக்குள் இறங்கும். ஆகவே ஈயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளீயத்தை வைத்துப் பார்க்கிறார்கள்.

"வெள்ளீயம் சாதுண்ணா," என்பார் மதுரைக்காரர். "எங்க அம்மா ரசம் வைக்கிற சொம்பே வெள்ளீயம்தான். அதுல ரசம் குடிச்சுத்தான் நான் இவ்ளோ அறிவா இருக்கேன்."

சாதுதான். ஆனால் அதற்கு ஒட்சிசன் ஆகாது. புதிதாகப் பூசிய படலம் கண்ணாடி போலப் பளபளவென்று கறுப்பாக இருக்கும். கொஞ்சம் காற்றுப் பட்டால் போதும், ஓரங்களில் தொடங்கி வெளிறிப் போய்விடும். மதுரைக்காரர் ஒவ்வொரு காலையும் பெட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு முந்தைய நாள் படலங்களைப் பார்ப்பார். நான் குளியலறைக் கண்ணாடியில் தலைமயிரைப் பார்ப்பதும் அதே முகத்தோடுதான்.

அந்த அறையில் இரண்டு மானிகள் இருந்தன. ஒன்று பெட்டிக்குள் இருக்கிற ஒட்சிசனை அளப்பது. அது பூச்சியத்துக்குக் கிட்டப் போகப் போக எங்களுக்குச் சந்தோசம். மற்றது கதவுக்குப் பக்கத்தில் சுவரில் இருப்பது. நாங்கள் மூச்சு விடுகிற அறைக்காற்றில் உள்ள ஒட்சிசனை அளப்பது. அது இருபது புள்ளி ஒன்பது வீதம் என்று பச்சை எழுத்தில் காட்டினால் உலகத்தில் எல்லாம் ஒழுங்கு. குறைந்தால் கத்தும். கத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஏனென்றால் நைதரசனுக்கு மணமில்லை, நிறமில்லை, மூச்சடைப்பும் தெரியாது. அறையில் அது நிறைந்தால் முதலில் மனிதருக்கு ஒரு குதூகலம் வரும். பிறகு முழங்கால் மடியும். பிறகு வேறொன்றும் வராது.

இந்தச் சுவர் மானிக்கு வயதாகிவிட்டது. பனிக்காலம் தொடங்கியதிலிருந்து காரணமில்லாமல் கத்த ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் எல்லோரும் வெளியே ஓட வேண்டும். பூசிக்கொண்டிருந்த படலம் பாழ். கட்டிடப் பராமரிப்புக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் குரல் "பொன்ஜூர்" என்று இனிமையாகத் தொடங்கி, உதிரிப்பாகம் வரவேண்டும் என்று இனிமையாக முடித்தது. அடுத்த கிழமையும் எடுத்தேன். இனிமையில் ஒரு குறைவும் இல்லை.

இதற்கிடையில் ஒரு சனிக்கிழமை மதுரைக்காரரை லாசாலில் இருக்கிற எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தோம். மனைவி குசினியிலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்தத் தொப்பியைப் போட்டுவிடுங்கோ. தாளிக்கப் போறன்."

மதுரைக்காரர் என்னைப் பார்த்தார். "தாளிக்கிறதுக்குத் தொப்பி போடணுமாக்கா?"

"எனக்கில்லைத் தம்பி, உதுக்கு," என்று மனைவி அகப்பையால் கூரையைக் காட்டினாள்.

கூரையில் இருந்தது புகை அலாரம். எங்கள் மாடிக்கட்டிடத்தில் தமிழர் குடியிருக்கிற வீடுகளில் எல்லாம் இதுதான் நடைமுறை. செத்தல் மிளகாய் எண்ணெயில் விழுந்ததும் அலாரம் வீரிடும். ஒருமுறை எங்கள் பருப்புக்கறிக்காகத் தீயணைப்பு வண்டியே வந்து, முழுக் கட்டிடமும் இரவு உடுப்போடு பனியில் நின்று எங்களைப் பார்த்தது. அதற்குப் பிறகு, ஹோட்டல்களில் குளிக்கும்போது தலையில் போடக் கொடுப்பார்களே, அந்தப் பிளாஸ்டிக் தொப்பியில் ஒன்றைத் தாளிக்குமுன் அலாரத்துக்கு மாட்டிவிடுவோம். விளிம்பில் எலாஸ்டிக் இருப்பதால் கச்சிதமாகப் பொருந்தும்.

"சூப்பர் ஐடியாக்கா!" என்று மதுரைக்காரர் கதிரையில் ஏறித் தானே மாட்டினார்.

"உங்களுக்கென்ன விசரே?" என்று மனைவி என் மேல் பாய்ந்தாள். "சாப்பிட வந்த மனிசனைக் கதிரையில ஏத்திவிட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்."

"விசர்னா என்னண்ணா?"

"பைத்தியம்," என்றேன். "எங்கட வீட்டில அது என்ர செல்லப் பேர்."

பிறகு அவர் ஜன்னலைப் போய்ப் பார்த்தார். குளிர் உள்ளே வராமல் ஜன்னல் சட்டத்தில் பிளாஸ்டிக் தாளை நாடாவால் ஒட்டி, தலைமயிர் உலர்த்தியால் சூடு காட்டி மேளத்தோல் மாதிரி இழுத்து வைத்திருந்தோம். மொன்றியலில் எல்லாரும் செய்கிற வேலைதான். அவருக்கு அது புதிது. விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"இதுவும் தின் ஃபிலிம்தான்ணா. நான் பண்றதைவிட நல்லா வந்திருக்கு."

சாப்பிடும்போது கதை எங்கள் பேச்சு வழக்குக்குத் தாவியது. "நீங்க திட்டும்போதுகூட 'ங்கோ' போடுவீங்களாண்ணா?" என்று கேட்டார்.

"திட்டுறதெண்டாலும் ஒரு மரியாதையோட திட்டவேணும்."

"அது எனக்குப் பிடிச்சிருக்கு," என்றார், சிரிப்பில்லாமல். "எங்க பழைய காலேஜ்ல துறைத்தலைவர் என்னைப் பசங்க முன்னாடியே 'வாடா, போடா'ன்னுதான் கூப்பிடுவார். என் பொண்ணு ஒரு நாள் கூட வந்திருந்தா. அவ முன்னாடியும் 'டா'. அன்னிக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன். இனிமே எவனாவது என்னை 'டா'ன்னு சொன்னா, கையில என்ன வேலை இருந்தாலும் அப்படியே போட்டுட்டு நேரா போய் ஏன்னு கேட்டுட்டுத்தான் மறுவேலை."

மனைவி அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். எங்கள் வீட்டில் அனுதாபம் அப்படித்தான் பரிமாறப்படும்.

அடுத்த கிழமை நான் அறைக்குள் போனபோது சுவர் மானியின் தலையில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருந்தது. ஏதோ ஆய்வு மாநாட்டுக்குப் போய்த் தங்கிய ஹோட்டலில் எடுத்ததாம். மேலே, குளிர்காற்று இறங்குகிற துவாரத்துக்கு ஜன்னல் பிளாஸ்டிக். நாடாவால் ஒட்டி, சூடு காட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல். அந்தத் துவாரத்துக்கு நேர் கீழேதான் அவர் நின்று வேலை செய்ய வேண்டும். கழுத்து விறைத்துப் போகிறதென்று முறையிட்டுக்கொண்டே இருந்தவர். இரண்டு வேலையும் எங்கள் வீட்டுப் பாடம். சத்தமும் இல்லை, குளிரும் இல்லை. தொப்பிக்குள்ளிருந்து பச்சை எழுத்து அமைதியாகக் காட்டியது: இருபது புள்ளி ஒன்பது.

"தம்பி, உதுகளை எடுத்துவிடுங்கோ. ஆரும் கண்டால் கதை வரும்," என்றேன்.

"இந்த வாரம் மட்டும்ணா. வெள்ளிக்கிழமை புரொஃபஸர்கிட்ட காட்டினதும் எடுத்துடறேன். சும்மா சும்மா கத்துதுண்ணா அது. உங்களுக்கே தெரியும்."

தெரியும்தான். அதுவல்லாமல், உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எங்கள் குசினித் தொழில்நுட்பம் ஒரு கனேடியப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்திருக்கிறது அல்லவா? ஆபத்து என்றால் சத்தம் போட்டுக்கொண்டு வரும் என்று பழகிய ஊர்க்காரன் நான். மேலே குண்டுவீச்சு விமான இரைச்சல் கேட்டால் பதுங்குகுழி, நின்றால் வெளியே. சத்தமில்லாத ஆபத்தைப் பற்றி வகுப்பில் படம் போட்டுக் காட்டுவேனே தவிர, நான் அதை நம்பியதாகச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கு முதல் நாள். வெளியே வெண்பனி கிடையாகப் பறந்துகொண்டிருந்தது. காலையில் பெட்டியின் கையுறை ஒன்றில் ஊசித்துளை விழுந்துவிட்டது போலும். பெட்டிக்குள்ளே ஒட்சிசன் ஏற ஆரம்பித்தது. மதுரைக்காரர் நைதரசன் வால்வை முழுதாகத் திறந்துவிட்டுப் பெட்டியை அலசத் தொடங்கினார். எவரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் உள்ளே போகிற வாயு வெளியே வந்துதானே ஆகவேண்டும்? வந்த இடம் அந்தச் சின்ன அறை. புதுக்காற்று இறங்கவேண்டிய துவாரத்தில் எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக். இதெல்லாம் பின்னால் விசாரணையில் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கையில் மனைவி அவருக்காகக் கட்டித் தந்த இடியப்பமும் சொதியும் இருக்கிறது, சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்பது மட்டும்.

கதவுக் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். எனக்கு முதுகு காட்டி, இரண்டு கைகளும் தோள்வரை பெட்டிக்குள் இருக்க, அவர் வழக்கம்போல நின்றார். தோள்கள் குலுங்கின. அழுகிறாராக்கும், நாளைக்குக் காட்டவேண்டிய படலம் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். கதவைத் திறந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, சாப்பிடுவமா?"

திரும்பிப் பார்த்தார். உதடுகள் நாவற்பழம் தின்றவை போல இருந்தன. நான் உள்ளே இரண்டடி வைத்தேன். என்னவோ எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த உதடுகள், நாவற்பழம், வெளியே பனி, எல்லாம் ஒரே பகிடியாக இருந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. சம்பளம் வாங்குகிற இடத்தில் நான் சிரிக்கிறவன் இல்லை.

பின்பக்கமாகவே காலை வைத்து வெளியே வந்தேன். சாப்பாட்டுப் பையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். நடையில் இருந்த பிரதான நைதரசன் வால்வை இறுக்கி மூடினேன். சுவரில் இருந்த சிவப்புப் பிடியை இழுத்தேன். கட்டிடம் முழுக்க மணி அடித்தது. அந்த அறையின் சுவர் மானி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"தம்பி, வெளியால வாங்கோ."

"அண்ணா, நீங்க வாங்க, வந்து பாருங்க! கண்ணாடிண்ணா, கண்ணாடி! இவ்ளோ கறுப்பு நான் பார்த்ததே இல்ல."

"பேந்து பாக்கிறன். இப்ப வாங்கோ."

"இன்னொன்னே ஒன்னு போட்டுட்டு வரேன்."

"காத்தில்லைத் தம்பி! அறைக்குள்ள காத்தில்லை!"

அதற்குத்தான் அவர் அதிகம் சிரித்தார். "காத்து இல்லாமத்தானேண்ணா இருக்கணும்! பூஜ்யம் காட்டுது பாருங்க. பூஜ்யம்!"

"உள்ளுக்கில்லை! நீங்கள் நிக்கிற இடத்தில! மணி அடிக்குது கேக்கேல்லையே?"

அவர் தலையை மெதுவாகத் திருப்பிச் சுவர் மானியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தொப்பிக்குள் பச்சை எழுத்து. இருபது புள்ளி ஒன்பது.

"நல்ல காத்துண்ணா," என்றார். முழங்கால் ஒன்று மடிந்து மறுபடி நிமிர்ந்தது. பெட்டிக்குள் இருந்த கைகள்தான் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தன.

என் வகுப்பில் ஒரு படம் உண்டு. தரையில் ஒருவர், அவர்மேல் குனிந்தபடி இன்னொருவர், கீழே பிரெஞ்சில் ஒரு வரி: காப்பாற்றப் போகிறவரே இரண்டாவது சடலம். அந்தப் படத்தை வரைந்தவன் நான். இரண்டாமவருக்கு எனக்கிருப்பது போலவே சிறு தொந்தியும் வைத்திருந்தேன், வகுப்பு சிரிக்கட்டும் என்று. யாரும் சிரிக்கவில்லை. இப்போது வாசற்படியில் நின்று பார்த்தபோது அந்தத் தொந்தி ஒரு முன்னறிவித்தல் மாதிரி இருந்தது. உள்ளே போனால் அவரை இழுத்து வருகிற மூச்சு எனக்கு இல்லை. போகாவிட்டால் இன்னும் சற்று நேரத்தில் அவருக்கு இல்லை. கெஞ்சினேன். மதுரையில் மகள் வழிபார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். இடியப்பம் ஆறுகிறது என்றேன். அவர் குழந்தையைப் போலச் சிரித்து, மறுபடி பெட்டியைப் பார்த்துக் குனிந்தார்.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமைச் சாப்பாடு ஞாபகம் வந்தது.

"டேய்!" என்று கத்தினேன்.

அவர் முதுகு அசையாமல் நின்றது.

"டேய் விசரா! உன்னைத்தாண்டா! வெளியால வாடா!"

முப்பது வருடக் கனடா வாழ்க்கையில் நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என் குரல் எனக்கே வேறு யாரோ போல ஒலித்தது. மதுரைக்காரர் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு கையை இழுத்தார். பிறகு மற்றதை. கறுப்புக் கையுறைகள் இரண்டும் அவருக்குப் பின்னால் வெளியே புரண்டு, மெல்ல ஊதி, அவரை மறுபடி பிடிக்க வருவது போல நீண்டன.

"யாரைப் பார்த்து... 'டா'ங்கிறீங்க?"

"உன்னைத்தான். என்னடா செய்வாய்?"

ஒரு விரலை என்னை நோக்கி ஆட்டிக்கொண்டு வந்தார். கால் பின்னியது. மேசை விளிம்பைப் பிடித்தார். விட்டார். "கேக்குறேன்ல... யாரைப் பார்த்து..." நான் வாசலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, கை நீட்டினேன். சட்டை அகப்பட்டது. இழுத்தேன். இருவருமாகச் சாப்பாட்டுப் பையின் மேல் விழுந்தோம். முதுகில் சொதி சூடாக ஊறியது. அவர் என் நெஞ்சில் தலையை வைத்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் மனித நிறம் வந்தது.

அப்போதுதான் உள்ளே சுவர் மானி கத்தத் தொடங்கியது. தொப்பிக்குள் அடைபட்டிருந்த பழைய நல்ல காற்றை அது இவ்வளவு நேரமும் மூச்சுவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. அது தீர்ந்த பிறகுதான் அதற்கு விசயம் தெரிந்தது. ஆளில்லாத அறையைப் பார்த்து வீரிட்டது.

அவசர வண்டிக்காரர்கள் அவரைத் தூக்கி உட்கார்த்தி முகத்தில் ஒட்சிசன் மாட்டினார்கள். வருடக்கணக்காக அவர் விரட்டிய பொருள். நன்றாக இழுத்து மூச்சுவிட்டார். முகமூடிக்கு மேலே கண்கள் என்னை விட்டு விலகவில்லை. அவற்றில் நன்றியைத் தேடினேன். அகப்பட்டது கோபம்தான்.

அறையை மூடி முத்திரை வைத்தார்கள். வெள்ளிக்கிழமை யாருக்கும் எதுவும் காட்டப்படவில்லை. கடைசியாகப் பூசிய அந்தப் படலம் பெட்டிக்குள் இருந்ததைக் கதவுக் கண்ணாடியால் பார்க்க முடிந்தது. உண்மையாகவே நான் அதுவரை பார்க்காத கறுப்பு. அறை மறுபடி திறந்தபோது, ஊசித்துளை தன் வேலையைச் செய்திருந்தது. ஓரம் முதல் நடுவரை வெளிறி, பழைய கண்ணாடித் துண்டாகக் கிடந்தது. அவர் அதை எவ்வளவு முயன்றும் திரும்பச் செய்ய முடியவில்லை. கை நடுங்காமல் அந்த அளவு சந்தோசமாக வேலை செய்தது அந்த ஒரு நாள்தான் என்கிறார். பேராசிரியர் ஒப்பந்தத்தைக் கொஞ்சம் நீட்டியிருக்கிறார். கொஞ்சம்தான். விசா இன்னும் வரவில்லை.

என்னோடு பேசுகிறார். "விசரான்னு சொன்னது பரவால்லண்ணா. அந்த 'டா'தான்..." என்று தலையை ஆட்டுகிறார். பகிடியாகத்தான் சொல்கிறார் என்று நினைக்க விரும்புகிறேன்.

வீட்டில் தொப்பியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டேன். தாளிக்கும்போதெல்லாம் அலாரம் வீரிடுகிறது. மேல்வீட்டுக்காரர் தரையில் குத்துகிறார். மனைவி என் செல்லப் பேரைச் சொல்கிறாள். கத்தட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரில் நிற்கிறேன்.

ஆய்வுகூடத்தில் இப்போது புது மானி. தொப்பி கிடையாது, துவாரம் திறந்திருக்கிறது, கழுத்தில் பனிக்காற்று விழுகிறது. காலையில் முதல் ஆளாகப் போகிறேன். உள்ளே காலை வைக்குமுன் கதவுக் கண்ணாடியால் பார்க்கிறேன். இருட்டில் நான்கு கைகள் நீண்டிருக்கின்றன. சுவரில் பச்சை எழுத்து: இருபது புள்ளி ஒன்பது. சரிதான் என்று கைப்பிடியைத் தொடுகிறேன். பிறகு எடுத்துவிட்டு, நடையிலேயே நின்று இன்னொரு முறை பார்க்கிறேன். அன்றைக்கும் அது இதையேதான் சொன்னது.